எச்டிடிபிஎஸ்-ஐக் கட்டாயமாக்குவது: சர்வர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சான்றிதழ் வாங்கிப் போட்டாச்சு, பிரவுசரில் எச்சரிக்கை வரவில்லை, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் ஒரு நாள் ரீடைரக்ட் (ஒரு முகவரிக்கு வந்தவரை வேறு முகவரிக்கு அனுப்புவது) சுற்றிச் சுற்றி வரும், அல்லது ஏதோ ஒரு சப்டொமைன் திறக்காது, அப்போதுதான் கேள்விகள் கிளம்பும். ஒரே சந்தேகத்துக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

சர்டிஃபிகேட் போட்டுட்டேன், எச்டிடிபிஎஸ்-ல தளம் நல்லா திறக்குது. இதுக்கு மேல என்ன செய்யணும்?

போர்ட் 443, அதாவது குறியாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் வரும் வாசல், சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான் இதில் தெரிகிறது. வெறும் எச்டிடிபி வரும் போர்ட் 80-இல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்று கையாலேயே அடித்துத் திறந்தால் பக்கம் அப்படியே வருகிறதா? வந்தால் நீங்கள் எச்டிடிபிஎஸ்-ஐ வசதிக்கு வைத்திருக்கிறீர்களே தவிர கட்டாயமாக்கவில்லை. பழைய இணைப்பு, பழைய புக்மார்க், யாரோ எப்போதோ அனுப்பிய மின்னஞ்சல் வழியாக வருகிறவர்கள் எல்லாரும் குறியாக்கம் இல்லாமல்தான் உள்ளே வருகிறார்கள், அதே பக்கத்தில் கடவுச்சொல்லையும் அடிக்கிறார்கள்.

கட்டாயமாக்க மூன்று காரியம் வேண்டும்: போர்ட் 80-இலிருந்து ரீடைரக்ட், எச்எஸ்டிஎஸ் ஹெடர் (இனி எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் வா என்று சர்வர் தன் பதிலோடு பிரவுசருக்குச் சொல்லும் வரி), குக்கிகளுக்கு செக்யூர் கொடி (எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் அனுப்பு என்ற குறி). மூன்றில் இரண்டாவதுதான் பெரிய விஷயம், சிக்கல்கள் வருவதும் அங்கேதான்.

ரீடைரக்ட் எங்க போடணும்? பிஎச்பி கோட்லயா, சர்வர்லயா?

சர்வரில். கோடில் போட்டால் கோடு ஓடும் பக்கங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும், படங்களும் பிடிஎஃப்களும் பழையபடியே போகும். சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் போர்ட் 80-க்குத் தனியாக ஒரு சர்வர் பிளாக், அதற்குள் 'ரிட்டர்ன் 301' என்று தொடங்கும் ஒரே ஒரு வரி, வேறு எதுவும் வேண்டாம். அப்பாச்சியில் போர்ட் 80-இன் விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் 'ரீடைரக்ட் பெர்மனன்ட்' வரி ஒன்று போதும். எங்கிருந்தோ நகல் எடுத்த நான்கு வரி ரீரைட் விதிகளை எச்டிஅக்சஸ் கோப்பில் ஒட்டுகிறார்கள், அதுவும் ஓடும்தான், ஆனால் முதன்மை கன்ஃபிக் கையில் இருக்கும்போது அது தேவையே இல்லை. கேடி சர்வர் இதைத் தானாகவே செய்துவிடும்.

பாதையையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் அப்படியே கடத்திவிடுங்கள். எல்லாரையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிற ரீடைரக்ட்கள் நிறைய இருக்கின்றன, பத்து வருடப் பழைய கட்டுரை இணைப்பைத் தட்டுபவர் முகப்பில் வந்து விழுந்து என்னவென்று தெரியாமல் திரும்பிப் போவார்.

301-ஆ, 302-ஆ, 308-ஆ? எதைப் போடறது?

சோதிக்கும்போது 302 (தற்காலிக ரீடைரக்ட்), எல்லாம் சரி என்று தெரிந்ததும் 301 (நிரந்தர ரீடைரக்ட்). காரணம், 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பான இடத்துக்கு 301 அனுப்பிவிட்டு சர்வரில் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவர் பிரவுசர் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம். "நான் மாத்திட்டேன், ஆனா மாறல" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

301, 302 இரண்டிலும் பிரவுசர்கள் போஸ்ட் கோரிக்கையை (படிவத்தை அனுப்புவது) கெட் ஆக (பக்கத்தைக் கேட்பது) மாற்றிவிடும், படிவத்தில் நிரப்பியது காணாமல் போகும். 307-உம் (தற்காலிகம்) 308-உம் (நிரந்தரம்) அப்படி மாற்றாது. சாதாரணப் பக்கங்களுக்கு 301 போதும். ஏபிஐ (மற்றவர்களின் நிரல்கள் நேரடியாகப் பேசும் முகவரி) இருந்தால் கதை வேறு, கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

வம்பே வேண்டாம், போர்ட் 80-ஐ மூடிட்டா?

மூடினால் பழைய எச்டிடிபி இணைப்புகள் பலருக்குத் திறக்காது, அவ்வளவுதான் மிச்சம். பாதுகாப்பும் கூடாது, ஏனென்றால் நடுவில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு உங்கள் போர்ட் 80 தேவையே இல்லை, பிரவுசர் அனுப்பும் கோரிக்கையை வழியிலேயே மறித்து அவனே பதில் சொல்லிவிடுவான்.

இன்னொன்று, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், டொமைன் உங்களுடையதா என்று பார்க்கச் செய்யும் எச்டிடிபி-01 சோதனை போர்ட் 80-க்குத்தான் வரும். அங்கிருந்து 443-க்கு ரீடைரக்ட் செய்தால் பின்தொடர்ந்து வரும், பிரச்சினை இல்லை. போர்ட் மூடியிருந்தால் புதுப்பித்தல் தோற்றுவிடும். 80 திறந்திருக்கட்டும், ரீடைரக்ட் தவிர அதில் எதுவும் இருக்க வேண்டாம்.

அதான் ரீடைரக்ட் இருக்கே, அப்புறம் எச்எஸ்டிஎஸ் எதுக்கு?

ரீடைரக்ட் என்பது முதல் கோரிக்கை வந்து சேர்ந்த பிறகு சர்வர் சொல்லும் பதில். அந்த முதல் கோரிக்கையும் பதிலும் திறந்த வெளியில்தான் போகின்றன. 2009-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியைக் காட்டினார். அது நடுவில் நின்றுகொண்டு உங்கள் சர்வரோடு எச்டிடிபிஎஸ்-இல் பேசும், பயனரோடு வெறும் எச்டிடிபி-இல் பேசும், பக்கத்தில் இருக்கும் இணைப்புகளில் உள்ள எஸ் எழுத்தைக் கத்தரித்துவிடும். சர்வருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பயனருக்கு எந்த எச்சரிக்கையும் வராது, ரீடைரக்ட் அவர் கண்ணுக்கே போகாது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் எச்எஸ்டிஎஸ், 2012 நவம்பரில் ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. சர்வர் எச்டிடிபிஎஸ் பதிலில் 'ஸ்ட்ரிக்ட்-டிரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி' என்ற ஹெடரை அனுப்பும், அதில் மேக்ஸ்-ஏஜ் என்று ஒரு எண் இருக்கும், கணக்கு வினாடியில். அதைப் பார்த்த பிரவுசர் அத்தனை வினாடிகளுக்கு இந்தப் பெயருக்கு எச்டிடிபி என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காது, கோரிக்கை கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே தானே மாற்றிக்கொள்ளும். குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து எச்டிடிபி முகவரியை அடித்தால் முதல் வரியில் 307, உள்ளக ரீடைரக்ட் என்று காட்டும். அந்த 307 உங்கள் சர்வர் அனுப்பியதில்லை, சர்வர் பதிவேட்டில் தேடினாலும் கிடைக்காது.

கூடவே இன்னொரு விளைவும் உண்டு. சான்றிதழில் கோளாறு என்றால் வழக்கமாக வரும் "பரவாயில்லை, உள்ளே போ" என்ற வழியை பிரவுசர் எடுத்துவிடும். இது நல்லதுதான், ஆனால் கோளாறு உங்கள் பக்கம் இருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் கதவு மூடும்.

எல்லாரும் 31536000-னு போட்டிருக்காங்க, நானும் அதையே போட்டுடலாமா?

அது ஒரு வருடம். முதல் நாளே ஒரு வருடம் போடாதீர்கள். எச்எஸ்டிஎஸ் என்பது வருகிறவர் ஒவ்வொருவருடைய பிரவுசரிலும் நீங்கள் எழுதிக்கொடுக்கும் வாக்கு. சர்வரில் இருக்கும் வரியை அழித்தாலும் அவர்களிடம் எழுதியது அழியாது. முதலில் 300, அதாவது ஐந்து நிமிடம். உடைந்தால் ஒரு காபி குடித்துவிட்டு வரும் நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு ஒரு வாரம், 604800. பிறகு ஒரு மாதம், 2592000. அப்புறம்தான் ஒரு வருடம்.

ஒவ்வொரு படியிலும் அந்தக் காலம் முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒருவர் திரும்ப வரும்போதெல்லாம் கணக்கு புதிதாகத் தொடங்கும், ஆகவே அடிக்கடி வருகிறவருக்குக் காலாவதி என்பதே கிடையாது.

ஹெடர் போட்டிருக்கேன், ஆனா சில பக்கத்துல வருது, சில பக்கத்துல வரல. ஏன்?

என்ஜின்எக்ஸ் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் தொண்ணூறு சதவீதம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஆட்_ஹெடர் வரிகள் மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறங்குவது, கீழே ஒரு ஆட்_ஹெடர் வரிகூட இல்லாதபோது மட்டும்தான். சர்வர் பிளாக்கில் எச்எஸ்டிஎஸ் வரியை அழகாக எழுதியிருப்பீர்கள். படங்களுக்கான லொகேஷன் பிளாக்கில் கேச்-கண்ட்ரோலுக்காக யாரோ ஒரு ஆட்_ஹெடர் சேர்த்திருப்பார்கள். அந்த நிமிடமே அந்த லொகேஷனில் மேலே உள்ள அத்தனை ஹெடர்களும் போய்விடும், எச்எஸ்டிஎஸ் உட்பட. பிழைச் செய்தியும் வராது, கன்ஃபிக் சோதனையும் சரி என்றே சொல்லும். பாதுகாப்பு ஹெடர்களை ஒரு தனிக் கோப்பில் எழுதி, ஆட்_ஹெடர் இருக்கும் ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்லூட் செய்வதுதான் நான் பார்த்தவரை தொல்லை இல்லாத வழி.

இரண்டாவது, வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் 200, 301 போன்ற சில பதில்களுக்கு மட்டும்தான் ஹெடர் சேரும், 404-க்கும் 500-க்கும் சேராது. அப்பாச்சியிலும் 'ஹெடர் ஆல்வேஸ் செட்' என்றுதான் எழுத வேண்டும். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்து திருப்தி அடையாமல், கர்ல் கட்டளையில் ஹெடர் மட்டும் கேட்டு ஒரு படம், ஒரு இல்லாத பக்கம், ஒரு ரீடைரக்ட் ஆகும் பக்கம் என மூன்றையும் சோதியுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். எச்டிடிபி பதிலில் இந்த ஹெடரை அனுப்பினால் பிரவுசர் கண்டுகொள்ளாது, அனுப்பவும் கூடாது. உங்கள் பயன்பாடும் சர்வரும் ஆளுக்கொன்று அனுப்பினால் பிரவுசர் முதலில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும், ஆகவே ஒரே இடத்தில் வையுங்கள்.

இன்க்லூட்-சப்டொமைன்ஸ் சேர்த்தா ஏதாவது உடையுமா?

உடையலாம். எச்எஸ்டிஎஸ் ஹெடரில் அந்தச் சொல்லைச் சேர்த்தால் அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் எல்லா சப்டொமைனும் அடங்கிவிடும், நீங்கள் மறந்துபோனவையும் சேர்த்து. உள் நெட்வொர்க்கில் மட்டும் திறக்கும் கண்காணிப்புப் பலகை, வெளி நிறுவனம் நடத்தும் உதவிப் பக்கம், ரவுட்டரின் நிர்வாகத் திரை, யாரும் தொடாத பழைய வெப்மெயில் எல்லாம் இதில் மாட்டும். முதலில் டிஎன்எஸ் பதிவுகளை (உங்கள் டொமைனில் உள்ள பெயர்களின் பட்டியல்) முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எச்டிடிபிஎஸ்-இல் திறக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். வேறு போர்ட்டில் ஓடுபவையும் தப்பாது, 8080-இல் இருப்பது 8080-இலேயே இருக்கும், ஆனால் பிரவுசர் அங்கேயும் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்-இன் குறியாக்கம்) கேட்கும். ஒரு சப்டொமைன் மட்டும் மேக்ஸ்-ஏஜ் பூஜ்ஜியம் அனுப்பி நழுவிக்கொள்ளவும் முடியாது, தாய் டொமைனின் விதி அதன் மேல் நிற்கும்.

இவ்வளவு தொல்லை என்றாலும் சேர்க்கத்தான் சொல்வேன். சேர்க்காவிட்டால் நடுவில் இருப்பவன் உங்களிடம் இல்லாத ஒரு சப்டொமைன் பெயரைக் கற்பனையாக உருவாக்கி, எச்டிடிபி-இல் பயனரை அங்கே இழுத்து, முழு டொமைனுக்கும் செல்லும் குக்கியை எழுதிவிட முடியும்.

என் தளம் மூணு டபிள்யூ போட்ட பெயர்லதான் ஓடுது. ஹெடரும் அங்க வருது. போதுமா?

போதாது. எச்எஸ்டிஎஸ் மேலிருந்து கீழேதான் பாயும். மூன்று டபிள்யூ போட்ட பெயரும் ஒரு சப்டொமைன்தான், அங்கே வந்த ஹெடர் வெறும் டொமைனைக் காப்பாற்றாது. பெரும்பாலோர் அடிப்பதோ வெறும் பெயரைத்தான்.

எச்டிடிபி-இல் வெறும் பெயருக்கு வருகிறவரை நேராக மூன்று டபிள்யூ பெயருக்கு அனுப்பாதீர்கள். முதலில் அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்கு அனுப்புங்கள், அங்கே இன்க்லூட்-சப்டொமைன்ஸோடு ஹெடரைக் கொடுங்கள், அங்கிருந்து மூன்று டபிள்யூவுக்கு அனுப்புங்கள். ஒரு தாவல் கூடுதல்தான், பரவாயில்லை, ஒருமுறை வந்தவருக்கு முதல் தாவல் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும்.

ரீடைரக்ட் போட்டதும் "மிக அதிக ரீடைரக்ட்கள்"னு வந்து தளமே செத்துப்போச்சு!

கோரிக்கைகளை முதலில் வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் சிடிஎன்னோ லோட் பேலன்சரோ முன்னால் இருக்கிறது, இல்லையா? பயனரிடமிருந்து அதுவரை எச்டிடிபிஎஸ், அங்கிருந்து உங்கள் சர்வர்வரை எச்டிடிபி. உங்கள் சர்வர் "எச்டிடிபி-இல் வந்திருக்கிறாய், எச்டிடிபிஎஸ்-இல் வா" என்கிறது, பயனர் ஏற்கெனவே அதில்தான் இருக்கிறார், திரும்பவும் அதே முகவரிக்கு வருகிறார், இப்படியே சுற்றும். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் சேவையில் ஃப்ளெக்ஸிபிள் என்ற அமைப்பு இதைத்தான் செய்யும். சரியான தீர்வு, உங்கள் சர்வரிலும் சான்றிதழ் போட்டு இரண்டு பாதியையும் குறியாக்கம் செய்வது, அதாவது அங்கே ஃபுல் ஸ்ட்ரிக்ட். பாதி வழி திறந்து கிடக்கும்போது பயனருக்குப் பாதுகாப்பான இணைப்பு என்று காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

லோட் பேலன்சர் உங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள் இருந்தால், பயனர் எச்டிடிபி-இல் வந்தாரா எச்டிடிபிஎஸ்-இல் வந்தாரா என்று சொல்ல அது அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், வெளியிலிருந்து வருவதை லோட் பேலன்சர் துடைத்துவிட்டுத் தன்னுடையதை எழுதுகிறது என்று உறுதிசெய்த பிறகுதான் நம்ப வேண்டும்.

குக்கிக்கு செக்யூர் கொடி வேணும்னு முதல்லயே சொன்னீங்க, எச்எஸ்டிஎஸ் இருந்தா அதுவும் வேணுமா?

வேண்டும். எச்எஸ்டிஎஸ் நினைவில் இல்லாத புதுப் பிரவுசர், காலாவதியான பதிவு, இன்க்லூட்-சப்டொமைன்ஸ் இல்லாத டொமைன் என ஓட்டைகள் உண்டு. செக்யூர் கொடி இருந்தால் குக்கி எச்டிடிபி-இல் போகவே போகாது. உள்நுழைவு குக்கிக்கு எச்டிடிபி-ஒன்லி கொடியையும் (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்காமல் தடுப்பது) சேர்த்துவிடுங்கள்.

ஒரு புராஜெக்ட்ல எச்எஸ்டிஎஸ் போட்டு சோதிச்சேன், இப்ப லோக்கல்ஹோஸ்ட்ல இருக்கற மத்த புராஜெக்ட் எதுவும் திறக்கல.

எச்எஸ்டிஎஸ் பதிவு பெயருக்குத்தான், போர்ட்டுக்கு இல்லை. லோக்கல்ஹோஸ்டில், அதாவது உங்கள் கணினியிலேயே, போர்ட் 5001-இல் ஓடிய ஒன்று ஹெடரை அனுப்பினால் 3000-இல் ஓடும் இன்னொன்றையும் பிரவுசர் எச்டிடிபிஎஸ்-இல் கேட்க ஆரம்பிக்கலாம். குரோமில் நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்தில் எச்எஸ்டிஎஸ் பகுதிக்குப் போய் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்து அழித்துவிடுங்கள். வளர்ச்சிச் சூழலில் இந்த ஹெடரை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

கூடவே வரும் கேள்வி: ஐபி முகவரிக்கு எச்எஸ்டிஎஸ் கிடையாது. பிரவுசர் நம்பாத, சுயமாகக் கையெழுத்திட்ட சான்றிதழோடு வரும் ஹெடரையும் அது ஏற்காது.

முதல் தடவை வர்றவருக்கு எச்எஸ்டிஎஸ் தெரியாதே, அப்ப அந்த ஓட்டை அப்படியே தானே இருக்கு?

சரியான கேள்வி. அதற்குத்தான் ப்ரீலோட் பட்டியல். குரோம் குழு பராமரிக்கும் இந்தப் பட்டியல் பிரவுசருக்குள்ளேயே பொதிந்து வரும், மற்ற பெரிய பிரவுசர்களும் இதை ஒட்டியே தங்கள் பட்டியலை வைத்திருக்கின்றன. சேர வேண்டுமென்றால் சரியான சான்றிதழ், அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்கு ரீடைரக்ட், வெறும் டொமைனில் ஹெடர், அதில் குறைந்தது 31536000, இன்க்லூட்-சப்டொமைன்ஸ், ப்ரீலோட் என்ற சொல் எல்லாம் வேண்டும். மூன்று டபிள்யூ பற்றி மேலே சொன்ன வரிசை இங்கே கட்டாயமாகிவிடுகிறது. டாட் ஆப், டாட் டெவ் போன்ற சில டொமைன்கள் முழுதாகவே பட்டியலில் இருக்கின்றன, அங்கே பெயர் வாங்கினால் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பிரவுசரில் தளமே திறக்காது.

சேர்வது எளிது, வெளியே வருவது அப்படியில்லை. நீக்கச் சொல்லி விண்ணப்பித்தாலும் அது புதிய பிரவுசர் பதிப்புகள் வழியாக மக்களிடம் போய்ச் சேர மாதங்கள் ஆகும், புதுப்பிக்காதவர்களிடம் போகவே போகாது. எங்கிருந்தோ நகல் எடுத்த வரியில் ப்ரீலோட் என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அந்தச் சொல்லே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும், வேறு யாரும்கூட உங்கள் டொமைனைச் சமர்ப்பித்துவிட முடியும். ஒரு வருட மேக்ஸ்-ஏஜோடு சில மாதங்கள் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகு யோசிக்கலாம்.

சர்டிஃபிகேட் தானா புதுப்பிச்சிருச்சு, ஆனாலும் காலாவதின்னு காட்டுது, எச்எஸ்டிஎஸ் இருக்கறதால யாராலயும் உள்ள போக முடியல!

வட்டில் புதுக் கோப்பு இருக்கும், சர்வர் நினைவில் பழையது ஓடிக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் தொடங்கும்போதும் ரீலோட் செய்யும்போதும்தான் சான்றிதழைப் படிக்கும். புதுப்பித்த பிறகு ரீலோட் செய்யும் கட்டளையை அந்தத் தானியங்கி வேலையோடு கோர்த்துவிடுங்கள். கண்காணிக்கும்போதும் கோப்பின் தேதியைப் பார்க்காமல், வெளியிலிருந்து 443-இல் இணைந்து என்ன சான்றிதழ் வருகிறது என்று பாருங்கள்.

இது இனி அடிக்கடி வரப்போகும் வேலை. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றம் முடிவெடுத்துவிட்டது. நாட்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கிறவர்கள் பழக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எச்எஸ்டிஎஸ்-ஐ எடுக்கணும்னா?

வரியை அழித்தால் போதாது என்று மேக்ஸ்-ஏஜ் பதிலில் சொன்னேன். அழிக்காமல் மேக்ஸ்-ஏஜை பூஜ்ஜியமாக்கி எச்டிடிபிஎஸ்-இல் அனுப்ப வேண்டும். அதாவது வெளியே வருவதற்கும் சரியான சான்றிதழ் வேண்டும். திரும்ப வந்தவருக்கு மட்டும்தான் பதிவு நீங்கும், ஆகவே பழைய மேக்ஸ்-ஏஜ் காலம் முடியும்வரை எச்டிடிபிஎஸ்-ஐ ஓடவிடுங்கள்.

என் ஏபிஐ-க்கும் இதே ரீடைரக்ட், எச்எஸ்டிஎஸ் போதுமா?

இரண்டுமே அங்கே அவ்வளவாக உதவாது. எச்எஸ்டிஎஸ்-ஐப் பின்பற்றுவது பிரவுசர்கள், நிரல்கள் பயன்படுத்தும் எச்டிடிபி நூலகங்களில் பெரும்பாலானவை அதைச் சட்டை செய்யாது. ரீடைரக்ட் இன்னும் மோசம். நிரலாளர் எச்டிடிபி என்று தப்பாக எழுதியிருப்பார், நூலகம் ஏபிஐ சாவியோடு கோரிக்கையைத் திறந்தவெளியில் அனுப்பும், நீங்கள் 301 கொடுப்பீர்கள், அது சமத்தாகப் பின்தொடர்ந்து வரும், எல்லாம் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் சாவி வெளிப்படையாகப் போய்க்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

ஏபிஐ முகவரிக்கு போர்ட் 80-இல் ரீடைரக்ட் வேண்டாம், 403 கொடுத்து எச்டிடிபிஎஸ் பயன்படுத்துங்கள் என்று தெளிவாக ஒரு வரி எழுதிவிடுங்கள். முதல் சோதனையிலேயே உடைந்தால் நிரலாளர் அன்றைக்கே திருத்திவிடுவார். அப்படி வந்த கோரிக்கையில் நிஜமான சாவி இருந்தால் அந்தச் சாவியை ரத்துசெய்துவிட்டு அவருக்குப் புதிது கொடுங்கள்.